பச்சை வந்தால் போதும்

ஜனவரி 28, ஞாயிறு

திருத்தணியில் எனக்கு மொட்டை போட்டாயிற்று. வேண்டுதல் மகள் கனிஷ்காவின் வலது காதுக்கு. உள்ளே எலும்பை அரித்துக்கொண்டிருந்த கட்டியை நவம்பரில் எடுத்தார்கள். பொங்கலன்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, குக்கர் மூணு விசில் வந்துடுச்சு" என்று கத்தினாள். ஒன்பது வயதில் முதல் தடவையாக விசில் எண்ணிச் சொன்னாள். அதற்கு மேல் முருகனிடம் நான் என்ன பேரம் பேசுவது?

இவர் கடைசிப் படி வரைக்கும், "பூமுடி குடுத்தா போதும்டி சாமுண்டி, மூணு கத்தரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வேண்டிக்கொண்டது முழு மொட்டை, கொடுத்ததும் முழு மொட்டை. சந்தனம் தடவிக்கொண்டதும் கண்ணாடி பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இது புது வருஷத்துக்குக் கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "நீங்கள் ஊழியர் அல்ல, எங்கள் குடும்பம்" என்று அச்சடித்திருக்கிறது. இடது காதிலும் அதே கட்டி பாக்கி இருக்கிறது. அதையும் மார்ச்சுக்குள் செய்யாவிட்டால் அந்தப் பக்கம் கேட்கவே கேட்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கம்பெனி இன்சூரன்ஸ் இருப்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஜனவரி 29, திங்கள்

கேட்டில் முகம் பார்க்கும் மெஷின் என்னைத் தெரியாது என்றுவிட்டது.

ஒரகடத்தில் இந்தக் கம்பெனிக்குப் பதினோரு வருஷமாக வருகிறேன். மூன்றாவது லைனில் வாஷிங் மெஷினுக்குக் கதவு மாட்டுகிறேன். முன்பெல்லாம் விரல் வைப்போம். கிரீஸ் பட்ட விரலை ஏற்கவில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன் முகத்துக்கு மாற்றினார்கள். தொப்பியோடு நின்றேன், சிவப்பு. "தொப்பிய எடும்மா" என்றார் செக்யூரிட்டி துளசிங்கம் அண்ணன். எடுத்தேன். பின்னால் பெரிய வரிசை. எவனோ "பஞ்சாமிர்தம் எங்கக்கா?" என்றான். திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடியும் சிவப்பு.

எங்கள் லைன் சூப்பர்வைசர் தினகரன் சார் வந்து, ஒரு துண்டுப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டார். தங்கமான மனுஷர்.

ஜனவரி 31, புதன்

மூன்று நாளாகச் சிவப்பு. ஹெச்.ஆர். ரூமுக்குப் போனேன். அங்கே ரேஷ்மி மேடம். காலேஜ் முடித்து வந்த பெண். மரியாதையாகத்தான் பேசுகிறது. அதனால் கத்தவும் முடியவில்லை.

"சிஸ்டம்ல நீங்க ஆப்சென்ட்னு காட்டுதுக்கா."

"நான் உங்க முன்னாடி நிக்கறேனே மேடம்."

"நான் பாக்கறேன்க்கா. சிஸ்டம் பாக்கலையே. ஆப்ல டிக்கெட் போடுங்க."

டிக்கெட் என்றால் புகார். கம்பெனி ஆப்பில் "தோழி" என்று ஒரு பொம்மை பதில் சொல்லும். மொட்டை போட்டதால் மெஷின் முகத்தை எடுக்கவில்லை என்று எழுதினேன். "முடி உதிர்வு மன அழுத்தத்தால் ஏற்படலாம். எங்கள் நலவாழ்வு வகுப்பில் சேர விரும்புகிறீர்களா? ஆம், இல்லை" என்று பதில் வந்தது. இல்லை என்பதை அழுத்தினேன். "உங்கள் கோரிக்கை நிறைவு செய்யப்பட்டது" என்றது.

ராத்திரி சாப்பாட்டுக்குத் தேங்காய்த் துவையல். இவர் ஒரு குறையும் சொல்லாமல் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டார்போல.

பிப்ரவரி 1, வியாழன்

பச்சை வந்துவிட்டது!

தினகரன் சார்தான் இரண்டாவது கேட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே இருக்கும் மெஷின் அவ்வளவு கண்டிப்பு இல்லையாம், தொப்பி இல்லாமல் நேராகப் பார்க்கச் சொன்னார். பளிச்சென்று பச்சை. ஏதோ பெயர் வந்தது, படிப்பதற்குள் மறைந்துவிட்டது. "பேரு சரியா சார்?" என்று கேட்டேன்.

"பச்சை வந்தா போதும்மா. போ, லைன் நிக்குது."

இனி தினமும் அந்தக் கேட்டிலேயே வரச் சொன்னார். யாருக்கு இருக்கிறது இந்த அக்கறை?

பிப்ரவரி 11, ஞாயிறு

காலையில் தொட்டி கழுவினேன். போர்வை இரண்டு துவைத்தேன். ரேஷனில் பருப்பு இல்லை.

கனிஷ்கா என் தலையைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். சொரசொரவென்று இருக்கிறதாம். டி.வி. முன்னால் ஒருக்களித்துத்தான் உட்காருகிறாள், வலது காது டி.வி. பக்கம். பள்ளிக்கூடத்திலும் இடது கோடி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்களாம். அப்போதுதான் டீச்சர் குரல் வலது காதில் விழும். இடது காது ஆபரேஷனுக்கு மார்ச் 11 என்று தேதி கொடுத்துவிட்டார்கள். அதோடு இந்தத் தொல்லை தீரும்.

பிப்ரவரி 19, திங்கள்

கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. "தாங்கள் ஜனவரி 29 முதல் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வரவில்லை. தாங்களாகவே பணியை விட்டு விலகியதாகக் கருதப்படுகிறீர்கள்."

கம்பெனிச் சோற்றைத் தின்றுகொண்டே, நான் கம்பெனிக்கு வரவில்லை என்ற செய்தியைப் படித்தேன். காலையில் இருந்து நான் மாட்டிய கதவுகளை எல்லாம் யார் மாட்டினார்கள், பேயா?

தட்டை வைத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ரேஷ்மி மேடம் முகமெல்லாம் வருத்தமாக வைத்துக்கொண்டு விளக்கிச் சொன்னது இதுதான். என் முகத்தைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமானால் நான் வேலையில் இருப்பதாகச் சிஸ்டம் சொல்ல வேண்டும். வேலையில் இருப்பதாகச் சிஸ்டம் சொல்ல வேண்டுமானால் என் முகம் பதிவாக வேண்டும்.

"கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்னு சொல்லுவாங்க, தெரியுமா மேடம்?"

"புரியுதுக்கா. ஹெட் ஆபீஸ்லதான் மாத்த முடியும். டிக்கெட் போட்டுட்டே இருங்க."

"பச்சை வருதே மேடம் தினமும். அது எங்க போகுது?"

"பச்சை வந்தா உங்க பேருல விழுந்திருக்கணுமேக்கா" என்றது அந்தப் பெண். அதற்கு மேல் யோசிக்க அதற்குச் சம்பளம் இல்லைபோல.

பிப்ரவரி 23, வெள்ளி

ஷிப்டு முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷனுக்கு முன்னால் இன்சூரன்ஸ் அனுமதி வாங்கி வைக்க வேண்டும். கவுன்டரில் இருந்த தம்பி கார்டு நம்பரைத் தட்டினான், மறுபடியும் தட்டினான், நிமிர்ந்தான்.

"நீங்க வேலைய விட்டுட்டீங்களாம்மா? பாலிசி நின்னுடுச்சே."

யூனிபாரத்தோடு நிற்கிறேன். மார்பில் கம்பெனி பெயர் இருக்கிறது. கனிஷ்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டாள். அவன் அவளுடைய இடது பக்கம் இருந்து பேசியதால் அவளுக்கு விழவில்லை. ஒன்றுமில்லை என்றேன்.

சம்பளம் கொஞ்சம் கூடியதும் சர்க்கார் காப்பீடு ஈ.எஸ்.ஐ. போய்விட்டது. அது போனால் என்ன, இதைவிட நல்லதாகக் கம்பெனியே தருகிறது என்று அன்றைக்குக் கூட்டம் போட்டு லட்டு கொடுத்தார்கள். அந்த லட்டை இப்போது கக்க வேண்டும்போல இருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி ஒரு டப்பா, சுவரில் திருகி வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 24, சனி

முருகனிடம் இனிப் பேச்சு வார்த்தை கிடையாது. அவனுக்குக் கொடுத்த முடியால்தானே இத்தனையும்.

பிப்ரவரி 28, புதன்

துளசிங்கம் அண்ணனுக்கு இந்த வாரம் இரண்டாவது கேட்டில் டியூட்டி. அவர் மேஜையில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. யார் யார் உள்ளே போனார்கள் என்று அதில் பெயர் தங்கும். "அண்ணா, நான் காட்டறேன், என் பேரு வருதான்னு பாரு" என்றேன். பச்சை வந்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஏகாம்பரம்னு வருது?"

ஏகாம்பரத்தை எனக்குத் தெரியும். எங்கள் லைனில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். போன வருஷம் ஏதோ தகராறு என்று வெளியே அனுப்பினார்கள். அவர் ஆம்பளை, நான் பொம்பளை. கழுத்தில் தாலி தொங்குகிறது, மூக்கில் மூக்குத்தி இருக்கிறது. இதையெல்லாம் பார்க்கத் தெரியாத மெஷினுக்கு எத்தனை கோடி கொட்டிக் கொடுத்தார்களோ!

மார்ச் 3, ஞாயிறு

துளசிங்கம் அண்ணன் நம்பர் கொடுத்தார். ஏகாம்பரத்தை வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தோம். இவரும் கூட வந்தார். ஏகாம்பரத்துக்குப் பெரிய மீசை, அடர்ந்த முடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீதானா நானு?" என்றார். கோபத்தோடுதான் கேட்டார். "எட்டு மாசமா நாயா அலைஞ்சு, என் கணக்க முடிச்சுக் குடுங்கடான்னு கெஞ்சி, போன மாசம்தான் ஹெட் ஆபீஸ் ஒத்துக்கிச்சு. திடீர்னு 'நீங்கதான் தினமும் வேலைக்கு வர்றீங்களே'ன்னு திருப்பி அனுப்பிட்டான். எவன்டா என் பேருல போறவன்னு தேடிக்கினு இருந்தேன்."

புதுக் கம்பெனியில் அவருக்கு வேலை தயாராக இருக்கிறதாம். இங்கே விடுவித்தால்தான் அங்கே சேர முடியும்.

"எனக்கும் உங்களுக்கும் எந்த மூஞ்சி ஒண்ணா இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

அவர் கோபம் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. மெஷின் வந்த புதிதில் எல்லோரையும் போட்டோ எடுத்தார்கள் அல்லவா, அதற்கு முந்தின நாள்தான் அவர் திருப்பதியில் இருந்து வந்திருக்கிறார். மொட்டை, மீசையும் இல்லை. அந்த முகம்தான் பதிவானது. முடி வளர வளர மெஷினுக்கு அவரைத் தெரியாமல் போய்விட்டது. தினமும் சிவப்பு. கேட்டில் சண்டை போட்டார். வேலைக்கு வராதவர், வந்தால் சண்டை போடுகிறவர் என்று வெளியே தள்ளினார்கள். முடி இல்லாத தலை என்றால் அந்த மெஷினுக்கு ஏகாம்பரம்தான்.

"இத தினகரன்கிட்ட அப்பவே சொன்னேன். அந்தாளுக்கு லைன்ல ஆளு குறைஞ்சா மெமோ வரும். பச்சை வந்தா ஆளு இருக்குதுன்னு அர்த்தம். எந்த ஆளுன்னு எவன் பாக்கறான்?"

தினகரன் சார் அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். ஏகாம்பரம் டீ கிளாசை வைத்துவிட்டு, இவரைப் பார்த்துச் சிரித்தார். இவரும் சிரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

மார்ச் 4, திங்கள்

தினகரன் சாரிடம், "என் பச்சை வேற யார் பேருலயோ விழுது சார்" என்றேன்.

"ஏகாம்பரம் விஷயத்தக் கெளறாதம்மா. இன்னும் கொஞ்ச நாள்தான், முடி வளர்ந்தா தானா சரியாயிடும்."

நான் பெயரே சொல்லவில்லை.

தங்கமான மனுஷர் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை. என் லட்சணத்துக்கு அது அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 11, திங்கள்

இன்றைக்குத்தான் ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். டாக்டர் போனில், இந்த மாசக் கடைசிவரைதான் தாங்கும், அதற்கு மேல் தள்ளினால் கேட்கும் எலும்பையே அரித்துவிடும் என்றார். இவர் லோடு ஆட்டோவை விற்கிறேன் என்கிறார். விற்றுவிட்டு எதை ஓட்டுவது?

கனிஷ்கா பள்ளிக்கூடம் போய்விட்டாள். காதில் பஞ்சு வைத்து அனுப்பினேன். காலையில் தோசை மூன்றும் கருகிவிட்டது.

மார்ச் 13, புதன்

முடி அரை விரல் வளர்ந்துவிட்டது. காலையில் மெஷின் யோசித்து யோசித்துத்தான் பச்சை காட்டியது.

கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டில் வெள்ளிக்கிழமை விழா என்று போட்டிருக்கிறார்கள். பிப்ரவரியில் ஒருநாள்கூட லீவு எடுக்காதவர்களுக்கு டைரக்டர் கையால் பரிசு. லைனுக்கு ஒருவர். மூன்றாவது லைனில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று படித்தேன். நின்று இன்னொரு தடவையும் படித்தேன்.

வீட்டுக்கு வந்து பட்டுப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன்.

மார்ச் 14, வியாழன்

கடையில் புது பிளேடு ஒன்று வாங்கினேன். "எதுக்குடி?" என்று இவர் கேட்டார். சொன்னேன். கொல்லையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, அவரே தண்ணீர் தெளித்து மெதுவாக மழித்துவிட்டார். ஒரு கீறல்கூட இல்லை. முடித்ததும் என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "போதும், எழுந்திருக்கட்டுமா?" என்றேன்.

மார்ச் 15, வெள்ளி

பட்டுப் புடவை கட்டி, முக்காடு போட்டுக்கொண்டு போனேன். மேடையில் டைரக்டர். வடக்கத்திக்காரர், சிரித்த முகம். ஆள் மாறிப் பரிசு வாங்கிவிடக் கூடாது என்று, மேடை ஓரத்தில் ரேஷ்மி மேடம் கையில் டேப்லெட்டோடு நின்றது. முகம் காட்டினால் அது பெயர் சொல்லும், அப்புறம்தான் பரிசு. எப்பேர்ப்பட்ட ஏற்பாடு!

"லைன் மூன்று, ஏகாம்பரம்!"

எழுந்தேன். பின் வரிசையில் இருந்து தினகரன் ஓடிவந்து, "சாமுண்டி, வேணாம், நான் பேசி முடிச்சுத் தர்றேன், உக்காரு" என்று வழியை மறித்தார். "தள்ளுங்க சார், லைன் நிக்குது" என்றேன். தள்ளி நின்றார்.

படி ஏறி முக்காட்டை எடுத்தேன். ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ரேஷ்மி மேடம், "அக்கா, நீங்க இல்ல…" என்று ஆரம்பித்தது. நான் தொகுப்பாளர் கையில் இருந்த மைக்கை வாங்கி டேப்லெட்டின் ஒலிபெருக்கி பக்கத்தில் பிடித்துக்கொண்டு, முகத்தை நேராக நீட்டினேன்.

டிங்.

"வெல்கம், ஏகாம்பரம்!"

ஹால் முழுக்கக் கேட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. இன்னொரு தடவை காட்டினேன். "வெல்கம், ஏகாம்பரம்!"

மைக்கை என் பக்கம் திருப்பினேன். "என் பேரு சாமுண்டீஸ்வரி. பதினோரு வருஷமா கதவு மாட்டறேன். என் புள்ள காது நல்லாச்சுன்னு சாமிக்கு மொட்ட போட்டேன். அன்னிலேருந்து இந்தப் பொட்டி என்ன ஏகாம்பரம்ங்குது. நான் வேலைக்கே வரலியாம், ஓடிட்டேனாம். இன்சூரன்ஸ நிறுத்திட்டீங்க. அடுத்த காது ஆபரேஷன் திங்கக்கெழம நடந்திருக்கணும், நடக்கல. அந்தக் காது போனா நீங்க இந்த மேடையில எனக்கு இன்னா பரிசு குடுப்பீங்க? நெஜ ஏகாம்பரம் வெளிய வேல இல்லாம நிக்கறாரு. நான் இருக்கேன், இல்லேங்குது. அவரு இல்ல, இருக்காருங்குது. குடும்பம்னு டைரியில அச்சடிச்சீங்களே, குடும்பத்துல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டாங்களா?"

டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக் கை தட்டினார். அவர் ஒருவர் மட்டும்தான் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னதும் அந்தக் கை பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் கீழே பெண்கள் பக்கம் இருந்து தட்ட ஆரம்பித்தார்கள்.

பரிசு ஒரு குக்கர். விடாமல் வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன்.

மார்ச் 16, சனி

காலையில் கூப்பிட்டார்கள். டீ கொடுத்தார்கள். ஹெட் ஆபீசுக்கு ஒரு போன். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் என் பெயர் வந்துவிட்டது, என் முகம் பதிவாகிவிட்டது, இன்சூரன்ஸ் உயிர் பெற்றுவிட்டது. ஏகாம்பரத்தையும் விடுவித்தாயிற்று.

ஒரு டீ நேரம்! இதற்காகவா என் பிள்ளையை அந்தக் காதோடு இத்தனை நாள் உட்காரவைத்தார்கள்? நேற்று வந்த கோபம் ஒன்றுமே இல்லை. இன்றைக்குத்தான் உடம்பெல்லாம் எரிகிறது. ரேஷ்மி மேடம், "சாரிக்கா" என்று அழுதது. அதை என்ன சொல்வது, அதன் கையிலும் அந்த டப்பாதானே இருந்தது.

குக்கரை ஏகாம்பரம் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் பெயரில் வந்தது அவருக்கு.

மார்ச் 19, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில் புது சுற்றறிக்கை. "ஊழியர்கள் மொட்டை அடித்தல், மீசை, தாடி வைத்தல் அல்லது எடுத்தல் உள்ளிட்ட தோற்ற மாற்றங்களுக்கு ஏழு நாள் முன்னதாக ஆப் வழியே அனுமதி பெற வேண்டும். மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்."

கீழே வழக்கம்போலக் குடும்பம் என்று போட்டிருந்தது. தினகரன் என்னைப் பார்க்காமல் அதை ஒட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 27, புதன்

ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், மத்தியானம்தான் வெளியே விட்டார்கள். எலும்பு கொஞ்சம் அரித்திருந்ததாம், கட்டுப் பிரித்தால்தான் கேட்குமா கேட்காதா என்று தெரியுமாம். அந்த நாட்கள் வீணாகாமல் இருந்திருந்தால் டாக்டருக்கு இந்த "தெரியாது" இருந்திருக்காது. அதை நான் மறக்கமாட்டேன்.

வராந்தாவில் சும்மாதான் நின்றேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது என்று இவர் சொல்கிறார். அவருக்கு என்ன, எதையாவது சொல்வார்.

ஏப்ரல் 12, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் ஏதேதோ கருவி வைத்துப் பார்த்துவிட்டு நல்லது என்றார். எனக்கு அது போதாது. வீட்டுக்கு வந்து அவள் வலது காதை என் கையால் அழுத்தி மூடிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். இவர் உள்ளே குக்கர் வைத்தார்.

"ஒண்ணு" என்றாள். கொஞ்ச நேரம் போனது. "ரெண்டு. அம்மா, ஏம்மா அழுவுற?"

அழவில்லை. பருப்பு குழைந்துவிட்டது, மூன்றாவது விசிலுக்கும் இவர் அடுப்பை அணைக்கவில்லை.

ஏப்ரல் 20, சனி

காலையில் கேட்டில் மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு என் பெயரையே காட்டியது. தலையில் முடி நன்றாக முளைத்திருக்கிறது, சீப்பு பிடிக்கும் அளவுக்கு. மாவு அரைத்து வைத்தேன். கனிஷ்காவின் பாவாடையை எடுத்து வைத்தேன்.

நாளை விடிகாலை திருத்தணி. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.